தாய்மாமன் மூச்சு

கடல் தாண்டி எங்கோ காடு எரிந்து புகைமூட்டம் வந்த அந்த மாதத்தில் சுங்கை மெலாத்தித் தோட்டத்தில் இருமாமல் இருந்தவர் முனீஸ்வரர் ஒருவர்தான். அவரும் சிலையாக இருந்ததால் தப்பித்தார். ரந்தாவிலிருந்து கோலா சாவாவுக்குப் போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிற தோட்டம் அது. சூரியன் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசம் அடித்தது. தமிழ்ப்பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். எந்த வீட்டைக் கடந்து போனாலும் உள்ளேயிருந்து இருமல் சத்தம்.

இத்தனை பேர் இருமுகிற ஊரில் ஒருத்தன் இருமலை யார் தனியாகக் கவனிப்பார்கள்? குணாளனுடைய இருமல் அப்படித்தான் ஊர் இருமலுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். குரல் என்றால் அப்படியொரு குரல். திருவிழா நடுவில் மைக் செத்துப்போனால் தோட்டத்தில் யாரும் பதறுவதில்லை, குணாளனைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். "அன்னதானம் ஆரம்பிச்சாச்சு, வரிசையா வாங்க" என்று அவன் ஒரு சத்தம் கொடுத்தால் பெரிய ரோடு வரைக்கும் கேட்கும். புகைமூட்டம் வந்ததும் இந்தக் குரலுக்கு ஒரு புதிய உத்தியோகம் கிடைத்தது. கைப்பேசியில் வந்த எச்சரிக்கைகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வீடு வீடாகப் போனான். ஜன்னலை மூடு, கதவிடுக்கில் ஈரத்துணி வை, வெளியே போனால் மாஸ்க் போடு. ஒரு வீட்டையும் விடவில்லை. சொன்னதில் தப்பில்லை, எல்லாம் சரியான சங்கதிதான். அவனுடைய சொந்த மாஸ்க் மட்டும் லாரிக் கண்ணாடியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாலை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதாவது எடுத்துப் போட்டாலும் தாடிக்குத்தான் போட்டான்.

அவனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தங்கை ரோகினி. அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது, செனவாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற தர்மேந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தது, பிள்ளை இல்லையே என்று அவள் அழுத வருஷங்களிலெல்லாம் கோயில் கோயிலாக லாரியிலேயே கூட்டிக்கொண்டு அலைந்தது எல்லாம் அவன்தான். கடைசியில் ஒருவழியாகப் பெண் குழந்தை பிறந்தது. எண்கணிதம் பார்த்து ஏதோ ஒரு பெயர் வைத்தார்கள். அது தோட்டத்தில் யாருடைய நாக்கிலும் உட்காரவில்லை. குட்டி என்றே கூப்பிட்டார்கள்.

குட்டிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முடி இறக்கிக் காது குத்துவதாக நாள் குறித்திருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். அவன் மடி இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை. குணாளன் சிவப்புக் கரை வேட்டி வாங்கி வைத்திருந்தான். குட்டிக்குத் தோடு செய்யக் கொடுத்திருந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஞாயித்துக்கிழம வந்துருங்க, நம்ம மடிதான் அன்னைக்கி ஸ்டேஜு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

புகை ஏறியதும் அவன் முதலில் அடைத்தது தங்கை வீட்டைத்தான். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினான். பலகைச் சுவரில் இருந்த சந்துகளில் அட்டை வைத்தான். ஈ கூட உள்ளே வர முடியாது. வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவான். குட்டி ஸ்பிரிங் தொட்டிலில் ஆடும். தர்மேந்திரனின் அம்மா மயிலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள். ரோகினி தேத்தண்ணி கலக்குவாள். மூடிய வீட்டுக்குள் நால்வரும் மாற்றி மாற்றி இருமிக்கொண்டு, வெளியே இருக்கிற புகையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாரம் ரந்தாவ் கிளினிக்கிலிருந்து நர்ஸ் விமலா வந்தாள், தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் மிஸ்ஸி. சனி ஞாயிறு இரண்டு நாளும் தோட்ட மண்டபத்தில் எக்ஸ்ரே வண்டி நிற்கும் என்று கோயில் வாசலில் நின்று சொன்னாள்.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கிறவங்க கண்டிப்பா வாங்க. எட கொறஞ்சிருந்தா வாங்க. ராத்திரி சும்மா படுத்திருக்கிறப்பவே வேர்த்துக் கொட்டுதா, சாயங்காலம் ஆனா காய்ச்சல் அடிக்குதா, வாங்க. டிபி இருக்கான்னு பாக்கணும்."

டிபி என்றதும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அந்த வார்த்தைக்குத் தோட்டத்தில் அப்படியொரு மரியாதை. டிபி வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குணாளன்தான் முந்திக்கொண்டு நிலைமையைச் சமாளித்தான்.

"மிஸ்ஸி, இந்தத் தோட்டத்துல இருமாதவங்கள வரச்சொல்லுங்க. அது ஈசி லா. இதெல்லாம் ஜெரெபு இருமல், பொகையால வர்றது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப் பேருக்கு இருமல் வந்தது.

"எக்ஸ்ரே எடுக்கிறதுன்னா தாலியக் கழட்டச் சொல்லுவாங்களாமே?" என்றாள் மயிலம்மாள். "வூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. நான் எதுக்குக் கழட்டணும்? எனக்கு அந்தப் படமே வேணாம்."

அது போதாதா? பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லோடு கலைந்து போனார்கள். விமலா குணாளனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மேல் சட்டை தோளிலிருந்து தொங்கியது. "அண்ணே, நீங்க எளச்சிட்டீங்க," என்றாள். "டயட்டு மிஸ்ஸி," என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினான்.

டயட்டாவது ஒன்றாவது. இடுப்பில் சிலுவார் நிற்காமல் பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டவன் அவன். தலையணை விடிவதற்குள் நனைந்துபோவதற்கு மின்விசிறி பழசானதுதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஊருக்கெல்லாம் மூச்சைப் பற்றிப் பாடம் எடுத்தவனுக்குத் தன் மூச்சைக் கேட்க நேரமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில் இருந்தான். முந்தின நாள் ஒரு தூறல் விழுந்ததில் புகை சற்று அடங்கி, பல நாளுக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்தது. ஆனாலும் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூடியது மூடியபடியே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. டிவி அணைந்தது, மின்விசிறி சுற்றி ஓய்ந்தது, வீடு இருட்டாகிவிட்டது. கூரைத் தகரத்தில் பழைய ஆணி ஒன்று விழுந்துபோன ஓட்டை இருந்தது. அதை மட்டும் அவன் அடைக்காமல் விட்டிருந்தான். அதன் வழியாக ஒரு கோல் வெயில் உள்ளே இறங்கி, அவனுக்கும் தொட்டிலுக்கும் நடுவே நின்றது.

கரண்ட் போனதும் குட்டி சிணுங்கினாள். அவளைச் சிரிக்க வைக்க அவனிடம் ஒரு வித்தை உண்டு. லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஆட்கள் கத்துவார்களே, அந்தக் கத்தல்தான்.

"கோஸ்தான்... கோஸ்தான்... கோஸ்தான்... ஓப்!"

குட்டி கெக்கெக்கென்று சிரித்தாள். அவன் இன்னொரு தடவை கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வெயில் கோலுக்குள் தூசு மிதந்துகொண்டிருந்தது. சும்மா மிதக்கவில்லை. அவன் விட்ட மூச்சில் அது கலைந்து, ஓடி, தொட்டிலுக்கு மேலே போய்ச் சுழன்றுகொண்டிருந்தது. குட்டி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள். சுழன்றது அப்படியே கீழே இறங்கி அவளுக்குள் போயிற்று. பிறகு அவளுடைய சின்ன மூச்சு வெளியே வந்து தூசியில் சின்னதாக ஒரு வளையம் போட்டது.

அவன் மெல்ல ஊதிப் பார்த்தான். போயிற்று. நேராக அவள் முகத்துக்குப் போயிற்று. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த ரோகினி ஏதோ சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பும் வெயிலுக்குள் வந்து அலையடித்தது. மயிலம்மாள் இருமினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புரளல் வந்து எல்லாவற்றோடும் கலந்தது. இது யாருடைய மூச்சு, அது யாருடைய மூச்சு என்று பிரிக்கவே முடியவில்லை. நான்கு பேருக்கும் அந்த வீட்டில் ஒரே காற்றுதான் இருந்தது. அதையே ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு வெளியே வந்தால் அதோடு தொலைந்தது என்றுதான் அவன் இத்தனை காலம் நினைத்திருந்தான். தொலையவில்லை. எங்கே போய்த் தொலையும்? எல்லா இடுக்கையும் அவனே அல்லவா அடைத்து வைத்திருந்தான்? அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கருவறைத் திரை விலகும்போது வருமே ஒரு சிலிர்ப்பு, அதுதான். கைகூப்பத் தோன்றியது. அடுத்த கணமே பெல்ட்டு ஓட்டை, நனைந்த தலையணை, சாயங்காலக் குளிர், மிஸ்ஸி பார்த்த பார்வை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டே எழுந்து போய் ஜன்னல் டேப்பைப் பிய்த்தான்.

"என்னண்ணே பண்றீங்க? பொக வரும்," என்றாள் ரோகினி.

"வரட்டும். இப்பக் கொறஞ்சிருக்கு. கொஞ்ச நேரம் தெறந்தே கெடக்கட்டும்."

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

அவன் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, முழங்கையில் வாயைப் புதைத்துக்கொண்டு வெளியே நடந்தான். மண்டபத்துக்கு வரும் வரை அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.

எக்ஸ்ரே வண்டிப் பக்கம் ஈ காக்காய் இல்லை. விமலா நாற்காலியில் சாய்ந்திருந்தவள் அவனைக் கண்டதும் எழுந்தாள். புதிய மாஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துப் போட்டான். அவள் அதைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் போடவைத்து, மூக்குக் கம்பியை அழுத்தச் சொன்னாள். தோட்டத்துக்கே மாஸ்க் பாடம் எடுத்த குணாளன் பேச்சு மூச்சில்லாமல் அவள் சொன்னபடி செய்தான்.

படம் எடுத்து முடித்ததும் வண்டியோடு வந்திருந்த டாக்டர் ஷஃபீகா அவனைக் கூப்பிட்டாள். போர்டிக்சன்காரி, சின்ன வயசு, நல்ல தமிழ் பேசினாள். கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுதான் அண்ணே உங்க நெஞ்சு."

குணாளன் குனிந்தான். விலா எலும்புகள் வரிசை வரிசையாக வளைந்திருந்தன. நடுவில் வெள்ளையாகச் சாய்ந்து படுத்திருந்தது இதயம். அதற்கு இரண்டு பக்கமும் பெரிய கறுப்பு.

"இந்தக் கறுப்பு என்னா டாக்டர்? இதுதான் நோயா?"

"இல்ல. அது காத்து. நீங்க இழுத்துப் பிடிச்ச மூச்சு."

"எல்லாமா?"

"எல்லாமே."

முன்னே வாங்கி விட்ட எத்தனையோ மூச்சை அவன் நினைத்துப் பார்த்தான். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நிற்காமல், அவன் தூங்கினாலும் குடித்துவிட்டுப் புரண்டாலும், அது பாட்டுக்கு நிரம்பி நிரம்பி வடிந்துகொண்டிருந்திருக்கிறது. அவன் ஒரு தடவை நன்றி சொன்னதில்லை. அட, அது இருக்கிறது என்று நினைத்தது கூட இல்லை. இவ்வளவு பெரிய வீட்டை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இத்தனை நாள் லாரி ஓட்டினோம் என்று இன்னும் குனிந்து பார்த்தான்.

டாக்டர் திரையில் மேல் பக்கத்தைத் தொட்டாள். கறுப்பு அங்கே கறுப்பாக இல்லை, வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

"இந்த இடம்தான் எனக்குப் பிடிக்கல. சளி எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா டிபியா இருக்கும்னு நெனக்கிறேன். பயப்படாதீங்க, மருந்து இருக்கு. ஆறு மாசம் ஒரு நாள் விடாம சாப்பிட்டா சரியாயிடும். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"தங்கச்சி பிள்ள. தெனம் போவேன். நாளைக்கி என் மடியில வச்சி முடி எறக்குறோம் டாக்டர்."

டாக்டர் அவனையே பார்த்தாள். "வேணாம் அண்ணே. இப்ப வேணாம். சின்னப் பிள்ளைக்கு இது வந்தா ரொம்ப மோசமாப் போயிடும்."

அன்று சாயங்காலம் லாரிக்குள் உட்கார்ந்து அவன் பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை. புதிய வேட்டி பக்கத்து இருக்கையில் மடிப்பு கலையாமல் இருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தால் என்ன, திறந்த வெளிதானே என்று ஒரு மனசு கேட்டது. லாரி கெட்டுப்போய்விட்டது, வர முடியவில்லை என்று சொல்லிவிடு என்றது இன்னொரு மனசு. அது சுலபம். யாருக்கும் தெரியாது, ரோகினியின் புகுந்த வீட்டில் தலை குனிய வேண்டாம். ஆனால் கண்ணை மூடினால் அந்த வெயில் கோல்தான் வந்தது. அவன் ஊதிய தூசு குட்டியின் வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. அவன் சொல்லாமல் விட்டால் குட்டியை யார் பரிசோதிப்பார்கள்? அந்த வீட்டில் யார் ஜன்னலைத் திறப்பார்கள்? அழுதான். மாஸ்க் நனைந்தது. விமலா கொடுத்தனுப்பியதில் வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனீஸ்வரர் கோயில் திடல் நிறைந்திருந்தது. புகை மறுபடி இறங்கியிருந்தது. முடி இறக்குகிறவர் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். காது குத்தும் ஆசாரி தோட்டைத் தட்டில் எடுத்து வைத்தார். மணைப் பலகை போட்டாகிவிட்டது. ரோகினி பட்டுப்புடவையில், குட்டி பட்டுப் பாவாடையில், தட்டுகளில் பழமும் பூவும் எல்லாம் தயார்.

"தாய்மாமன் எங்க?" என்றாள் மயிலம்மாள். "நேரம் போவுது. இன்னும் மொகத்துக்குப் பவுடர் போடுறானா?"

குணாளன் வேலிக்கு வெளியே, காற்று தன் பக்கமாக வீசுகிற இடம் பார்த்து நின்றிருந்தான். வேட்டி கட்டவில்லை. மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. தர்மேந்திரன், "மச்சான், உள்ள வாங்க, மணையில ஒக்காருங்க," என்று கை காட்டினான்.

"வரல மாப்ள. யாரும் கிட்ட வராதீங்க. நான் சொல்றதக் கேளுங்க."

மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தாலும் அந்தக் குரல் குரல்தான். திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நேத்து நெஞ்சுப் படம் எடுத்தேன். எனக்கு டிபியா இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஜெரெபு இருமல்னு நான்தான் உங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என்னுது ஜெரெபு இல்ல. உங்கள்ல யாருக்கு என்னா இருமல்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வண்டி இன்னைக்கும் நிக்கிது. போய்ப் பாருங்க. என் மடியில என் பிள்ளைய நான் வச்சிக்க மாட்டேன்."

பிறகு நடந்ததை அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புகை வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்தத் திடலில் ஒரு இருமல் சத்தம் கேட்கவில்லை. ஒருவர் கூட இருமவில்லை. இருமினால் தனக்கும் அதுதான் என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் அத்தனை பேரும் நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்டபத்துப் பக்கம் ஒரு சேவல் கூவியது கேட்டது. கற்பூரச் சுடர் படபடத்தது கேட்டது. ஊரே மூச்சைப் பிடித்து நிற்பதைக் குணாளன் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தான். இவ்வளவு பேருக்குள்ளும் அந்தக் கறுப்பு வீடு இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. உடம்பு மறுபடி சிலிர்த்தது.

ரோகினி குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தாள். அவளை அறியாமல் வைத்த அடிதான். அதைப் பார்த்தபோது அவனுக்கு வலித்தது, சொல்ல முடியாத அளவுக்கு வலித்தது. அவள் செய்தது சரி என்று தெரிந்தும் வலித்தது.

அந்த அமைதியை உடைத்தது மயிலம்மாள்தான். பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்குவாள்? குபீரென்று ஒரு இருமல் வந்து, அதன் பின்னாலேயே இன்னும் நான்கைந்து வந்து, அவள் வளைந்து நின்று இருமினாள். அதன் பிறகு ஆளுக்கு ஆள் கட்டவிழ்ந்தது. திடலே இருமியது. பக்கத்தில் நின்றவர்கள் இருமுகிறவர்களை விட்டு விலகினார்கள். விலகியவர்களும் இருமினார்கள். யார் யாரை விட்டு விலகுவது என்று தெரியாமல் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

மயிலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நல்ல நேரத்த விட வேணாம். மாமன் மொறையில எவனாச்சும் ஒருத்தன் மடி குடுக்கட்டும். முடி எறக்கிடுவோம்," என்றாள்.

"வேணாம் அத்த," என்றாள் ரோகினி. "எங்கண்ணன் மடியிலதான் எறக்கணும். அது வரைக்கும் முடி வளரட்டும். மொதல்ல வாங்க, வண்டிக்குப் போவோம்."

"தாலியக் கழட்டச் சொன்னா?"

"கழட்ட வேணாம்னா வருவீங்களா?"

அன்றைக்கு மண்டபத்தில் விமலா கண்ட காட்சியை அவள் எந்தப் பயிற்சியிலும் கண்டிருக்கமாட்டாள். பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமும், வேட்டியும் ஜிப்பாவுமாக ஒரு தோட்டமே காது குத்துத் திடலிலிருந்து நேராக வந்து எக்ஸ்ரேவுக்கு வரிசை பிடித்தது. குணாளன் எல்லாருக்கும் கடைசியில், ஒரு மரத்தடியில் தள்ளி நின்றுகொண்டு, "எடவெளி விட்டு நில்லுங்க லா," என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். தாலிச் சிக்கலை விமலாதான் தீர்த்தாள். கழற்ற வேண்டாம், படத்தில் விழாதபடி மேலே தூக்கிப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள் என்றாள். மயிலம்மாள் தாலிக்கொடியைக் கடித்துக்கொண்டு கண்ணை உருட்டியபடி வண்டிக்குள் நின்றாள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதை அவள் வீட்டுக்காரர் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தார்.

வரிசையில் நின்றவர்களில் மற்ற எல்லாருக்கும் வந்தது புகை இருமல்தான். மயிலம்மாள் படத்தில் மட்டும் குணாளனுக்கு இருந்தது போலவே ஒரு வெள்ளைக் கலங்கல் இருந்தது. குட்டியை ராப்பகலாகத் தூக்கி வைத்திருந்தவள் அவள். குணாளன் லாரி கெட்டுப்போனதாகச் சொல்லிவிட்டு ஒதுங்கியிருந்தால் அவள் இன்னும் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

சளிப் பரிசோதனை இரண்டு பேருக்கும் டிபிதான் என்றது.

"நான் அத்தைக்குக் குடுத்தேனா, அவங்க எனக்குக் குடுத்தாங்களா டாக்டர்?" என்று கேட்டான் குணாளன்.

"அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? இனிமே யாருக்கும் குடுக்காம இருங்க, அது போதும்," என்றாள் ஷஃபீகா.

குட்டியைக் கிளினிக்கில் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். நோய் இல்லை. ஆனாலும் வராமல் தடுக்க அவளுக்கும் தினம் ஒரு மருந்து கொடுத்தார்கள். மயிலம்மாள் பின்னறைக்கு மாறினாள். அந்த அறை ஜன்னலை ரோகினி கொக்கியோடு பிடுங்கி எடுத்துவிட்டாள், யாரும் மூட முடியாதபடி. தினமும் காலையில் குணாளனும் மயிலம்மாளும் கிளினிக் வாசல் பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, விமலா கண் முன்னால் மாத்திரையை விழுங்கினார்கள். மருந்தில் மூத்திரம் செக்கச்செவேலென்று போனதைப் பார்த்துவிட்டு மயிலம்மாள், "ஆத்தா கோவிச்சுக்கிட்டா," என்று அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அது மருந்தின் நிறம் என்று சொல்லிச் சிரித்துச் சிரித்துக் குணாளனுக்குப் புரையேறியது. சம்பந்தி வீட்டார் என்று முறைத்துக்கொண்டு இருந்த இருவரும் அந்த பெஞ்சில்தான் கூட்டாளி ஆனார்கள்.

தோட்டம் அவர்களை ஒதுக்கியதா என்றால், ஒதுக்கியது. சில வாரம் அவன் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தார்கள், அவனுக்குத் தேத்தண்ணியைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. இருமல் வந்தால் முழங்கையில் புதைப்பதும், புகை குறைந்த வேளை பார்த்து ஜன்னலைத் திறப்பதும் மட்டும் போகவில்லை, ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச காலத்திலேயே இனி பயமில்லை, பிள்ளையிடம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அவன் போகவில்லை. வேலி வரைக்கும் போய் நின்று, "கோஸ்தான்" என்று ஒரு சத்தம் கொடுப்பான். குட்டி உள்ளேயிருந்து சிரிப்பாள். திரும்பி வந்துவிடுவான். ரோகினி திட்டுவாள், அழுவாள். மருந்து முழுசாக முடியட்டும் என்பதே அவன் பதில்.

பங்குனியில் முடிந்தது. புகை எப்போதோ போயிருந்தது. முனீஸ்வரர் திடலில் வெயில் பளீரென்று விழுந்தது. குட்டி இப்போது நடந்தாள். முடி கண்ணை மறைக்கிற அளவுக்கு வளர்ந்து, இரண்டு பக்கமும் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. குணாளன் சிவப்புக் கரை வேட்டியில் மணைப் பலகையில் உட்கார்ந்தான். வேட்டி இப்போது இடுப்பில் நின்றது. மயிலம்மாள் தானே குட்டியைத் தூக்கி வந்தாள்.

"பிடி தம்பி. மடி காஞ்சுபோயிருக்கும்," என்றாள்.

மடியில் அந்தக் கனம் இறங்கியதும் குணாளன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழகிப்போன கழுத்து தானாகத் திரும்பியது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வேலிப் பக்கம் பார்த்தபடி, கல்லாக உட்கார்ந்திருந்தான். முடி இறக்குகிறவர் கத்தியோடு காத்திருந்தார். திடல் காத்திருந்தது. அவன் முகம் சிவந்தது, கண் கலங்கியது, மூச்சை மட்டும் விடவில்லை.

ரோகினி வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் தாடையைப் பிடித்துக் குழந்தை பக்கம் திருப்பினாள்.

"மூச்சு விடுங்கண்ணே," என்றாள்.

அவன் விட்டான். குட்டியின் நெற்றியில் விழுந்திருந்த முடி மெல்லப் பறந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "கோத்தான்," என்றாள்.